வேலியைத் திறந்துவிடுங்கள், சந்தையை மூடுங்கள்: ஓமன் சுற்றுச்சூழல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஓமன் சுற்றுச்சூழல் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும், அல் வுஸ்தா வனவிலங்குக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கும், வணக்கம்.

இந்த மடலை அரபியில் எழுதியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த அரபி ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் செக்போஸ்ட்டிலும் செல்லுபடியாகும். ஆணையத்துக்கு மனு எழுத அது போதாது. மஸ்கட்டில் எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் கணக்குப் பிரிவிலோ கம்ப்யூட்டர் பிரிவிலோ ஒரு தமிழர் இருப்பார். உங்களிடமும் இருப்பார், அவரிடம் கொடுத்தால் படித்துச் சொல்லிவிடுவார். அதோடு, ஹைமா வழியாகச் சலாலாவுக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர்கள், எண்ணெய்க் கேம்ப்களில் சமைக்கிறவர்கள், வெல்டிங் வைக்கிறவர்கள் என்று அந்தப் பாலைவனத்தில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும். மடலின் கடைசியில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அல் வுஸ்தாவில் வேலிக்குள் பெருகியிருக்கும் அரேபிய ஓரிக்ஸ் மந்தையைப் படிப்படியாக வேலிக்கு வெளியே விடுங்கள். அதற்கு முன்னால், உயிருள்ள ஓரிக்ஸை விலை கொடுத்து வாங்குகிறவர்கள்மேல் கை வையுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. 1982ல் கதவைத் திறந்தார்கள், சந்தையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அதன் விலை பதினான்கு வருடம் கழித்துத் தெரிந்தது.

நான் பல வருடம் அல் வுஸ்தாவில் ஓர் எண்ணெய்க் கேம்ப்பின் வண்டிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன். விலங்கியல் படித்தவன் இல்லை. ஆனால் அந்தத் தரையில் எந்த வண்டி எவ்வளவு தூரம் போகும், எங்கே சிக்கும், கோடையில் எது முதலில் கெடும் என்று தெரியும். ஓரிக்ஸ் அழிந்த கதையில் வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததைத் தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அரபியில் மஹா என்று அழைக்கப்படும் இந்த ஓரிக்ஸ் மறிமான் வகை. தோள் உயரம் ஒரு மீட்டர் அளவு, எடை எழுபது கிலோ சுமார். உடம்பெல்லாம் வெள்ளை. கால்களும் முகத் திட்டுகளும் கரும்பழுப்பு. ஆண், பெண் இரண்டுக்கும் நீண்டு, ஏறக்குறைய நேராகப் போகும் கொம்புகள் உண்டு. கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் பார்த்திருப்பீர்களே, அதே தலைதான்.

காப்பகம் இருக்கும் ஜித்தாத் அல் ஹராசீஸ் என்பது ஓமனின் நடுவில், ரூப் அல் காலி மணற்குன்றுகளுக்கும் ஹுக்ஃப் செங்குத்துச் சரிவுக்கும் இடையில் விரிந்து கிடக்கும் சரளைச் சமவெளி. ஆறு இல்லை, ஊற்று இல்லை. மழை வருடக்கணக்கில் வராமலே போகும். ஆனால் சில மாதங்களில் காலையில் பட்டறைக் கதவைத் திறந்தால், வெளியே நிற்கும் வண்டிக் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழியும். வைப்பர் போட்டுத்தான் வண்டியை எடுப்போம். தார்ப்பாயின் ஓரத்திலிருந்து சொட்டி, அதன் கீழே தரை ஒரு கோடு போல நனைந்திருக்கும். அரபிக் கடலிலிருந்து இரவில் ஏறி வரும் பனிமூட்டம் அது. எட்டு ஒன்பது மணிக்குள் சுத்தமாகக் காணாமல் போய்விடும். அந்த ஈரத்தைக் குடித்துத்தான் அங்கே புல்லும் செடியும் பிழைக்கின்றன. அவற்றை வெயில் ஏறுவதற்குள் மேய்ந்து ஓரிக்ஸ் பிழைக்கிறது. மாதக்கணக்கில் தண்ணீரே குடிக்காமல் அதனால் இருக்க முடியும். வெயில் நேரத்தில் சமுர் மரத்தடியிலோ காஃப் மரத்தடியிலோ குளம்பால் மண்ணைப் பறித்து, அடியில் இருக்கும் குளிர்ந்த மண்ணில் படுத்துக்கொள்ளும். (காஃப் என்பது நம் வன்னி மரமேதான். விருத்தாசலம் கோயிலில் தலமரமாகச் சுற்றி வருகிறோமே, அந்த மரம் அங்கே ஓரிக்ஸுக்கு நிழல்.)

இப்படி ஒரு விலங்கை வெயிலோ வறட்சியோ அழிக்கவில்லை. ஒட்டகத்தில் போன வேட்டைக்காரனாலும் முடியவில்லை. வண்டி வந்தது, கூடவே தானியங்கித் துப்பாக்கி வந்தது, முடிந்தது. மணற்குன்றுகளில் வண்டி ஓட்ட டயரில் காற்றை இறக்க வேண்டும், புதையும், திணறும். அங்கே ஓரிக்ஸுக்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. ஜித்தாத்தில் அது கிடையாது. கெட்டியான சரளை, கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. ரோடே தேவையில்லை, நூறு கிலோமீட்டர் வேகத்தில் எந்தத் திசையிலும் போகலாம். ஓரிக்ஸ் நாள் முழுக்க நடக்கும், ஆனால் நீண்ட நேரம் ஓடாது. 1972 அக்டோபரில் கடைசிக் காட்டு ஓரிக்ஸ்களை வேட்டைக் கூட்டம் ஒன்று முடித்துவைத்தது அந்த ஜித்தாத்தில்தான்.

முற்றிலும் அழியாமல் தப்பியது, பத்து வருடம் முன்பே சிலர் யோசித்ததால். 1962ல் ஃபானா பிரிசர்வேஷன் சொசைட்டி அனுப்பிய குழு, மேஜர் இயன் கிரிம்வுட் தலைமையில், அன்றைய ஏடன் பாதுகாப்புப் பகுதியின் (இன்றைய யேமன்) கிழக்கு ஓரத்தில் நான்கு ஓரிக்ஸைப் பிடித்தது. ஒன்று இறந்தது. மிஞ்சிய மூன்றோடு லண்டன் விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஒன்று, குவைத்திலிருந்து ஒன்று, சவூதி அரசரின் தோட்டத்திலிருந்து நான்கு. ஆக மொத்தம் ஒன்பது. அமெரிக்காவில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் விலங்குக் காட்சிசாலையில் இவற்றை வைத்து வளர்த்தார்கள். உலக மந்தை என்று அதற்குப் பெயர்.

அந்த வம்சத்தைத் திரும்பக் கொண்டுவந்தது உங்கள் நாடு. சுல்தான் காபூஸ் முடிவெடுத்தார், 1980ல் முதல் விலங்குகள் ஜித்தாத்தின் ஜஅலூனி முகாமுக்கு வந்து இறங்கின. திட்டத்தை நடத்திய மார்க் ஸ்டான்லி பிரைஸ் குழுவினர் அவசரப்படவில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் அடைப்புக்குள் விட்டு, அவை ஒன்றை ஒன்று அறிந்து, யார் பெரியவர் யார் சின்னவர் என்று தீர்த்துக்கொண்டு, ஒரு மந்தையாகச் சேரும்வரை காத்திருந்தார்கள். 1982 ஜனவரி 31 அன்று கதவைத் திறந்தபோது பத்து விலங்குகள் வெளியே நடந்தன. 1984ல் இரண்டாவது மந்தை. வழிகாட்டியும் காவலும் அந்தச் சமவெளியின் பழங்குடிகளான ஹராசீஸ் மக்கள். 1994ல் யுனெஸ்கோ அந்த 27,500 சதுர கிலோமீட்டரை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 1996ல் எண்ணிக்கை 450 வாக்கில் இருந்தது. உலகம் முழுக்க இதை முன்மாதிரியாகக் காட்டினார்கள், காட்டியதும் சரிதான்.

அதே 1996 பிப்ரவரியில் திருட்டு ஆரம்பித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பலரும் இதைச் சாதாரண வேட்டை என்றே நினைக்கிறார்கள். வந்தவர்களுக்கு இறைச்சி வேண்டியதில்லை, தோலோ கொம்போ வேண்டியதில்லை. உயிரோடு வேண்டும். பிடித்து எல்லை தாண்டிக் கொண்டுபோய், பண்ணையில் ஓரிக்ஸ் வைத்திருக்க ஆசைப்படும் பணக்காரர்களிடம் விற்க வேண்டும். அதிலும் பெண் ஓரிக்ஸுக்கும் கன்றுக்கும்தான் கிராக்கி, வாங்குகிறவன் பெருக்க நினைக்கிறான் அல்லவா? பிடிக்கும் விதமும் எனக்குப் புரிகிற விதம்தான்: பிக்கப்பில் துரத்து, அது மூச்சு வாங்கி விழும்வரை துரத்து, காலைக் கட்டி ஏற்று. அப்படித் துரத்தப்பட்டதில் வழியிலேயே செத்தவை எத்தனையோ. செத்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை, திரும்ப வந்து இன்னொன்றைத் துரத்தலாம்.

1998 செப்டம்பரில் காட்டில் மிஞ்சியவை 138 என்று மதிப்பிட்டார்கள். இந்த எண்ணைப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். அதில் பெண்கள் 28. அடுத்த ஜனவரி முடிவில் பெண்கள் 11, ஆண்கள் 85 சுமார். மந்தை இருந்தது, வம்சம் இல்லை. அந்த நேரத்தில் நாற்பது விலங்குகளைப் பிடித்து மறுபடி அடைப்புக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றியது உங்கள் ஆட்கள்தான், அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

காவலர்கள் குறைவு, வண்டிகள் குறைவு, தண்டனை போதாது என்று அப்போது பல காரணம் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும், திருட்டு நகையை வாங்கும் அடகுக் கடையைத் தொடாமல் திருடனை மட்டும் ராத்திரி முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தால் எத்தனை போலீஸ் போட்டாலும் போதாது. வாங்குகிறவர் வேறு நாட்டில், பெரிய மதிலுக்குள், மரியாதையோடு இருந்தார். கடைசிவரை அவருக்கு எதுவும் ஆகவில்லை.

2007ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரணாலயத்தின் பரப்பை அரசு தொண்ணூறு சதவீதம் குறைத்தது, 2,824 சதுர கிலோமீட்டர் ஆனது. மிஞ்சியிருந்த ஓரிக்ஸ் 65, அவற்றில் இனப்பெருக்கம் செய்யும் ஜோடி நான்குதான் என்று யுனெஸ்கோ சொன்னது. உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து அடித்து எடுக்கப்பட்ட முதல் இடம் என்ற பெயர் ஜித்தாத்துக்கு வந்தது. பரப்பைக் குறைத்ததற்கு எண்ணெயும் எரிவாயுவும் காரணம் என்பது ஊரறிந்த விஷயம். எண்ணெய் எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டுக் கூரையும் தங்கையின் கல்யாணமும் அந்த எண்ணெயில் வந்தவை. அந்தப் பட்டத்தைத் திரும்ப வாங்கித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. கல்வெட்டு வைப்பது ஓரிக்ஸுக்கு எந்த வகையிலும் உதவாது. விலங்கு வெளியே திரும்பினால் பட்டம் தானாக வந்து கதவைத் தட்டும்.

சரி, இன்றைய நிலைக்கு வருவோம். வேலிக்குள் மந்தை பெருகியிருக்கிறது. 2017ல் காப்பகத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்தபோதே எழுநூறைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தது. அடைப்பிலிருந்து காப்பகத்தின் திறந்த பரப்புக்குச் சில விலங்குகளை விடுவதாகவும் அவ்வப்போது படிக்கிறேன். நல்லது. ஆனால் அந்தத் திறந்த பரப்பைச் சுற்றியும் வேலி இருக்கிறது.

வேலி ஏன் பிரச்சினை என்றால், இது மழையைத் தேடிப் போகும் விலங்கு. தூரத்தில் எங்கோ மழை பெய்தால் அந்தத் திசையில் நடக்க ஆரம்பித்துவிடும். ஓமனில் சுதந்திரமாக இருந்த காலத்தில் ஒரே ஒரு மந்தை 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் சுற்றியது பதிவாகியிருக்கிறது. உங்கள் முழுக் காப்பகமும் 2,824. ஒரு மந்தைக்குத் தேவையானதைவிடச் சின்ன இடத்தில் நூற்றுக்கணக்கானவற்றை வைத்திருக்கிறீர்கள். பாலைவனத்தில் மழை ஊர் முழுக்கப் பெய்வதில்லை, ஒரு பட்டையாகப் பெய்துவிட்டுப் போகும். அந்தப் பட்டை வேலிக்கு வெளியே விழுந்தால் உள்ளே இருப்பவை கம்பி ஓரத்தில் நின்று முகர்ந்து பார்க்கத்தான் முடியும்.

இது என் கற்பனை இல்லை. சவூதியில் தாயிஃபுக்கு வடகிழக்கே மஹாசத் அஸ்-ஸைத் என்ற காப்பகம் இருக்கிறது. பரப்பு 2,244 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட உங்களுடைய அளவு. சுற்றிலும் வேலி. 1990ல் அங்கே ஓரிக்ஸை விட்டார்கள், நன்றாகப் பெருகியது. திருட்டும் அண்டவில்லை. அப்புறம் 1999லிருந்து வறட்சி அடுக்கடுக்காக வந்தது. ஓரிக்ஸும் மணல் மான்களும் நூற்றுக்கணக்கில் செத்தன. வேலி திருடனையும் தடுத்தது, மழையிடம் போகும் வழியையும் தடுத்தது. தீவனமும் தண்ணீரும் வைத்துக் காப்பாற்றலாம்தான். வைக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பிறகு அதைக் காப்பகம் என்று எழுதினாலும் உள்ளே நடப்பது பண்ணைதான்.

நான் சென்னைக்காரன். கிண்டியில் 270 ஹெக்டேர் காட்டுக்குள் மதிலுக்குப் பின்னால் வெளிமானைப் பார்த்து வளர்ந்தவன். புல்வெளியில் பாய்ந்து திரியப் பிறந்தது. புல்வெளி சுருங்கிப் புதரும் மரமும் மண்டிவர, இருக்கும் திட்டுக்குள் ஒதுங்கி நிற்கும். அழியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஓமனுக்கு அந்த நெருக்கடி இல்லையே! வேலியைத் தாண்டினால் இன்னும் பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் கிடக்கிறது. இது எந்த ஊருக்கும் எளிதில் கிடைக்காத வசதி.

வேலி இல்லாமல் நடந்த காரியங்களும் உண்டு. அதே சவூதியில் ரூப் அல் காலியின் மேற்கு ஓரத்தில் உருக் பனீ மஆரித் என்ற இடத்தில் 1995லிருந்து வேலியில்லாமல் ஓரிக்ஸ் இருக்கிறது. 2023ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் பெயரை அடித்த அதே பட்டியல். சாட் நாட்டில் இன்னும் பெரிதாக நடக்கிறது. வளைகொம்பு ஓரிக்ஸ் என்ற சஹாரா உறவினம் காட்டில் முற்றாக அழிந்துபோயிருந்தது. அபுதாபி சுற்றுச்சூழல் முகமையும் சாட் அரசும் சஹாரா பாதுகாப்பு நிதியமும் சேர்ந்து 2016லிருந்து வாதி ரிமே - வாதி அஷிம் காப்பகத்தில் அதைத் திரும்ப விட்டார்கள். அந்தக் காப்பகம் சுமார் 78,000 சதுர கிலோமீட்டர். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை போட்டு, மழைக்காலத்தில் புல் முளைத்த பிறகு கதவைத் திறக்கிறார்கள். 2023 கடைசியில், உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் அந்த இனத்தைக் 'காட்டில் அற்றுப்போனது' என்ற நிலையிலிருந்து 'அழியும் அபாயத்தில் உள்ளது' என்ற நிலைக்கு ஏற்றியது. இதை எல்லாருக்கும் முன்னால் செய்து காட்டியவர்கள் ஜஅலூனிக்காரர்கள். அவர்கள் ஊரில் மட்டும் மந்தை இன்னும் கம்பிக்குள் நிற்கிறது.

வெளியே விட்டால் மறுபடி 1996 வந்துவிடாதா என்று கேட்பீர்கள். விலை அப்படியே இருந்தால் வரும். அதனால்தான் சந்தையை முதலில் மூடச் சொல்கிறேன். 1996ல் இல்லாத ஒரு வசதி இன்று இருக்கிறது. அரபு நாடுகளின் அடைப்புகளிலும் பண்ணைகளிலும் ஓரிக்ஸ் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 2011ல் ஐயூசிஎன் இந்த இனத்தின் ஆபத்து நிலையைப் 'பாதிக்கப்படக்கூடியது' என்ற படிக்குக் குறைத்து அறிவித்தபோதே காட்டில் ஆயிரம், காப்பில் ஆறு ஏழாயிரம் என்றுதான் கணக்கு. காட்டில் அற்றுப்போன நிலையிலிருந்து அந்தப் படிவரை மீண்ட முதல் இனம் இது. ஆக, ஆசைக்கு வளர்க்கிறவருக்குப் பண்ணையில் பிறந்த விலங்கே தாராளமாகக் கிடைக்கும். காட்டிலிருந்து வந்ததா, பண்ணையில் பிறந்ததா என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் திருட்டு விலங்கை யாரும் தொட மாட்டார்கள். பிரித்துச் சொல்ல முடியாததுதான் இன்றைய ஓட்டை.

வளைகுடாவில் ஓரிக்ஸ் வைத்திருக்கும் ஒவ்வொரு பண்ணையும், அது எவ்வளவு பெரியவருடையதாக இருந்தாலும், விலங்குக்கு ஒரு மைக்ரோசிப், ஒரு டிஎன்ஏ மாதிரி, தாய் தகப்பன் விவரம் என்று பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத ஓரிக்ஸ் கண்டால் பறிமுதல். அதை வைத்திருந்தவருக்கும் பிடித்தவனுக்கும் ஒரே தண்டனை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இந்த இனம் இருக்கிறது, ஆகவே எல்லை தாண்டுவதைத் தடுக்கச் சட்டம் உண்டு. அரேபிய ஓரிக்ஸ் பாதுகாப்புக்கென்றே அபுதாபியில் ஒரு பொதுச் செயலகமும் நாடுகளுக்கிடையே நடக்கிறது. அந்த மேசையில் இதை வைக்க ஓமனைவிடத் தகுதியான நாடு இல்லை. 1996ல் இழந்தவர்கள் நீங்கள். கேட்டால் சங்கடப்படுவார்கள், படட்டும்.

அடுத்து ஆட்கள். ஒருமுறை காப்பகத்துக்குள் அனுமதியோடு போனபோது ஹராசீஸ் காவலர் ஒருவர் கூட வந்தார். ஒரு குளம்புத் தடத்தின் அருகே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். குனிந்து, விரல் நுனியால் தடத்தின் ஓரத்தை மெல்ல அழுத்தினார். மேல் மண் பொரிந்து சின்னச் சின்னச் சில்லாக உடைந்தது. "ராத்திரி பனிக்கு முன்னால் போனது" என்றார். தடம் விழுந்த பிறகு பனி இறங்கி, மண் நனைந்து, காய்ந்து மேலே ஒரு ஓடு கட்டியிருக்கிறது. பனிக்குப் பின்னால் நடந்திருந்தால் அந்த ஓடே உடைந்திருக்கும், தடத்துக்குள் ஓடு இருக்காது. பக்கத்தில் இருந்த இன்னொரு தடத்தை நான் காட்டினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஒட்டகக் குட்டி" என்றார். ஜிபிஎஸ் பட்டை வாங்குங்கள், டிரோன் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த விரலுக்கும் சம்பளம் ஒழுங்காகக் கொடுங்கள்.

சம்பளம் மட்டும் போதாது என்பதும் இந்தக் கதையிலேயே இருக்கிறது. ஹராசீஸ் மக்களோடு பல வருடம் பழகிய மானிடவியலாளர் டான் சாட்டி இதை விவரமாக எழுதியிருக்கிறார். காவல் வேலை கொடுத்தார்கள், திட்டம் போடும் இடத்தில் அவர்களைக் கேட்கவில்லை. எங்கே மேய்க்கலாம், எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வெளியிலிருந்து வந்து கோடு போட்டார்கள். பக்கத்துப் பழங்குடிகளுக்கோ அந்த வேலையும் இல்லை. ஒரு விலங்கு ஒரு குடிக்கு மட்டும் சோறு போட்டால், அடுத்த குடிக்கு அதன்மேல் என்ன பாசம் வரும்? இந்த முறை ஹராசீஸும் சுற்றியுள்ள குடிகளும் உட்காரும் ஒரு குழு வேண்டும். எந்தப் பக்கம் கதவைத் திறப்பது, எந்த வருடம், எத்தனை விலங்கு என்பதில் அவர்களுக்கு வாக்கு இருக்க வேண்டும். ஆலோசனை கேட்டுவிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பும் குழு என்றால் வேண்டாம்.

வண்டிக்காரன் என்ற முறையில் இன்னொன்று. ஜித்தாத் முழுக்கப் பழைய சீஸ்மிக் தடங்கள் கோடு கோடாகக் கிடக்கின்றன. எண்ணெய் தேடும் ஆய்வு முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் அப்படியே இருக்கின்றன. அந்த மண்ணில் ஒரு தடம் விழுந்தால் லேசில் மறையாது. இரவில் விளக்கில்லாமல் போகத் தெரிந்தவனுக்கு அது போதும். துக்ம் துறைமுகம் வந்தபின் ரோடுகளும் கூடிவிட்டன. தடம் போட்ட நிறுவனங்களையே கூப்பிட்டு, தேவையில்லாத தடங்களின் இரு முனையிலும் கிரேடரால் மண் மேடு போடச் சொல்லுங்கள், குறுக்கே பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். கிரேடர் அங்கேதான் நிற்கிறது, டீசல் அவர்களுடையது. வேலியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் மலிவானது இது.

கதவைத் திறக்கும் நாளைக் காலண்டர் பார்த்து, விருந்தினர் வரும் நேரம் பார்த்து வைக்காதீர்கள். மழை பெய்து, செடி முளைத்த வருடத்தில், ஏற்கனவே மந்தையாகச் சேர்ந்து பழகியவற்றை முதலில் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேண்டாம், உள்ளே பாதிக்கு மேல் எப்போதும் இருக்கட்டும். சுற்றுலா ஜீப்புகள் சில வருடம் காத்திருக்கலாம். துரத்தும் வண்டிக்கும் படம் எடுக்கும் வண்டிக்கும் வித்தியாசம் ஓரிக்ஸுக்குத் தெரியாது. வண்டியைக் கண்டால் ஓட வேண்டும் என்பதை அது மறக்காமல் இருப்பதே நல்லது.

கணக்கையும் வெளியிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை. மொத்தம் இத்தனை என்று மட்டும் வேண்டாம். 138 என்ற எண் எப்படி ஏமாற்றியது என்று பார்த்துவிட்டோம். பெண் எத்தனை, அந்த வருடம் பிறந்து ஒரு வயதைத் தாண்டிய கன்று எத்தனை, செத்தது எத்தனை, எதனால், காணாமல் போனது எத்தனை என்று எல்லாம் வரட்டும். ஒன்பது விலங்கிலிருந்து பெருகிய வம்சம் என்பதால் நெருங்கிய உறவுக்குள் கலப்பதில் இருக்கும் சிக்கல் உங்கள் ஆய்வாளர்களுக்குத் தெரிந்ததுதான். அதன் நிலவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். கெட்ட செய்தி வரும் வருடத்திலும் வெளியிட வேண்டும். 1996ல் நடந்ததை உலகம் முழுக்கத் தெரியும்படி எழுதியவர்கள் திட்டத்தின் ஆட்களே. அந்த நேர்மைதான் இன்றும் ஓமன்மேல் நம்பிக்கை வைத்து இப்படி ஒரு மடல் எழுத வைக்கிறது.

கடைசியாக, ரோட்டில் இருக்கும் எங்கள் ஆட்களைப் பற்றி. ஆதமிலிருந்து ஹைமா, ஹைமாவிலிருந்து தும்ரைத் என்று இரவும் பகலும் அந்த ரோட்டில் இருப்பவர்கள் தமிழர், மலையாளி, பஞ்சாபி, பங்களாதேஷி டிரைவர்கள். நள்ளிரவில் விளக்கணைத்துப் பாலைவனத்துக்குள் இறங்கும் பிக்கப்பை முதலில் பார்ப்பவன் டிரெய்லர் டிரைவர். பின்னால் மறைவாகக் கூண்டு அடித்த வண்டி பஞ்சருக்கு வந்து நிற்பதும் எங்கள் மாதிரிப் பட்டறையில்தான். பார்க்கிறோம், பேசாமல் இருந்துவிடுகிறோம். போலீஸ், விசா, கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) என்று ஆயிரம் பயம், யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. ஹைமா பெட்ரோல் பங்குகளிலும், பஞ்சர் கடைகளிலும், டிரைவர்கள் சாப்பிடும் ஹோட்டல் சுவர்களிலும் ஒரு புகார் எண்ணை அரபியோடு தமிழ், மலையாளம், உருது, வங்காளம், இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். அழைப்பவர் பெயரைக் கேட்க மாட்டோம், விசாவைக் கேட்க மாட்டோம் என்பதையும் அதே எழுத்தளவில் போடுங்கள். மறுமுனையில் அந்த மொழிகளில் பேச ஒரு ஆள் இருக்கட்டும், ராத்திரி இரண்டு மணிக்கும். தமிழில் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
அல் வுஸ்தாவில் வண்டி பழுது பார்த்த ஒரு தமிழன்